மொட்டை மாடிக்கு யாரும் வர மாட்டார்கள்

இன்று காலை முகப்பேர் அலுவலகத்துக்கு அம்சா அக்கா லட்டு டப்பாவோடு வந்தார். அம்பத்தூரில் அவர் கட்டும் வீட்டுக்கு ஸ்ட்ரக்சுரல் டிசைன் செய்தது நான். நாளை கூரைக்கு கான்கிரீட்.

“ஊடு முடிஞ்சதும் மொட்டை மாடிலதான் பொண்ணுக்கு நிச்சயம் நைனா. சொந்தக்காரங்க அல்லாரும் மேலதான் ஆடப்போறாங்க.”

வாயில் போட்ட லட்டை விழுங்கிவிட்டு அவர் வீட்டு ஃபைலைத் திறந்தேன்.

லோட் கேஸ், அதாவது கட்டடத்தின் மேல் என்னென்ன பாரம் வரும் என்பதை, மென்பொருளில் புதிதாகக் கொடுக்கச் சோம்பல்பட்டு, பழைய கட்டடம் ஒன்றின் ஃபைலை நகலெடுத்திருந்தேன். அந்தப் பழைய கட்டடத்தின் மொட்டை மாடிக்குப் படிக்கட்டே கிடையாது. அக்கா வீட்டுக்கு மேலே மனிதர்கள் நிற்பார்கள் என்று மென்பொருளிடம் நான் சொல்லவே இல்லை.

அவர் போனதும் பாரத்தைத் திருத்தி மறுபடி ஓட்டினேன். பாரம் தாங்காது என்று இரண்டு பீம்கள் திரையில் சிவப்பாயின.

போன் செய்தேன். “அக்கா, நாளைக்கு கான்கிரீட் போடாதீங்க. இன்னும் கம்பி சேர்க்கணும். சாஃப்ட்வேர்ல ஒரு தப்பு.”

“மிஷினுக்கு இன்னா தெரியும் நைனா? நீ கீறதால தப்பிச்சோம். நிச்சயத்துக்கு மொத ஆளா நீ வரணும்.”

சரி என்றேன்.

டப்பாவில் இன்னும் லட்டு இருக்கிறது. முகப்பேர் பக்கம் யாராவது இருந்தால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். நான் தின்ற ஒன்றே அதிகம்.