மாட்டு நெற்றியில் ஒரு ஜெர்மன் பதக்கம்

எழுபதுகளில் எங்கள் காவலூர் மலையில், வானாய்வகத்தில் பெரிய தொலைநோக்கியைப் பூட்ட வந்த ஜெர்மன்காரர்களுக்கு நான்தான் சமையல். ஊர் திரும்பும்போது அவர்களில் ஒருவர் ஒரு பழைய வெண்கலப் பதக்கத்தை என் கையில் வைத்துவிட்டுப் போனார். அதில் பிடித்தது பைத்தியம். அப்புறம் அவர் தபாலில் அனுப்பியதும் வேலூர் பழைய சாமான் கடையில் சிக்கியதுமாக ஒரு பிஸ்கட் டப்பா நிறைந்தது.

சேர்த்ததைவிட விளக்கியதுதான் பெரும்பாடு. மலையில் பதக்கம் என்றால் யாராவது ஓடி ஜெயித்து வாங்கியிருக்க வேண்டும்.

"இன்னா பந்தயத்துல ஜெயிச்ச?"

"ஜெயிக்கலப்பா. ராஜா வூட்டுக் கல்யாணம், பாலம் தொறந்தது, இதெல்லாம் மறக்கக் கூடாதுன்னு அடிக்கிறது."

"அவுங்க வூட்டுக் கல்யாணத்த நீ ஏன்யா மறக்கக் கூடாது?"

டீக்கடையே சிரிக்கும். 'தெரியாதவனுக்குச் சொல்லலாம், தெரிஞ்சிக்க மாட்டேன்றவனுக்குச் சாமியே வந்தாலும் சொல்ல முடியாது' என்பார் ஒடுகத்தூர் பஸ் கண்டக்டர். சரியான பேச்சு.

டப்பாவிலேயே உசத்தி, இரட்டைக் கோபுர மாதாகோயில் பொறித்தது. வேலூரில் கடிகாரம் ரிப்பேர் பார்க்கிற ஒருவரும் என்னைப் போல் சேர்ப்பவர். அவரிடம் வால் நட்சத்திரம் போட்ட வெள்ளிப் பதக்கம் இருந்தது. ராத்திரியெல்லாம் வானத்தையே பார்க்கிற ஊர்க்காரனுக்கு அதைவிட என்ன வேண்டும்? பொங்கல் கழித்துக் கோபுரத்தைக் கொண்டுவந்தால் மாற்றிக்கொள்வதாகச் சொன்னார். "கீறல் மட்டும் வுழாம பாத்துக்குங்க."

பொங்கலுக்கு ஒடுகத்தூரிலிருந்து என் மச்சான் வந்தான். கோபுரத்தைக் காட்டி, "நம்ம கும்பாபிஷேகம் மாதிரிடா. பல தலைமுறையா கட்டி முடிச்ச கோயில்" என்றேன். சட்டென்று கண்ணில் ஒற்றிக்கொண்டான். ஒருத்தனுக்காவது புரிந்ததே என்று எனக்கு அத்தனை சந்தோஷம்.

அவன் போன பிறகு பார்த்தால் டப்பாவில் கோபுரம் இல்லை. பஸ் பிடித்து ஒடுகத்தூரில் இறங்கினேன். அங்கே மாடு விடும் விழாவுக்கு அவன் காளை தயாராக நிற்கிறது. நெற்றியில் சிவப்புப் பட்டை, நடுவில் என் பதக்கம். இரண்டு கோபுரத்துக்கும் மத்தியில் ஆசாரி போட்ட ஓட்டை.

"ஓட்டை போட்டியாடா!"

"போடாம எப்டி மாமா கட்றது? சோத்துப் பருக்கையில ஒட்றதா?"

"மாத்துறதுக்கு வெச்சிருந்தேன்டா பாவி."

"சாமி விசயம்னு நீங்கதான சொன்னீங்க. டப்பாவுல போட்டு மூடுனா சாமிக்குக் கோவம் வராதா? அக்காவக் கேட்டுத்தான் எடுத்தேன்."

காளை பறந்தது. பரிசும் அடித்தது. ஊரே என் பதக்கத்தைத் தொட்டுக் கும்பிட்டது. கூட்டம் கலைந்ததும் பட்டையிலிருந்து அதை அவிழ்த்து மடியில் கட்டிக்கொண்டேன்.

ஒரு நப்பாசையில் வேலூருக்கு எடுத்துப் போனேன். கடிகாரக்காரர் கண்ணில் லென்ஸை மாட்டிப் பார்த்தார். வெள்ளியை எடுத்து மேசை டிராயரில் போட்டு மூடினார்.

"சின்ன ஓட்டைதானேங்க" என்றேன்.

"காது குத்துனா பொண்ணுக்கு அழகு. இதுக்கு இல்லீங்க."

வீடு திரும்பினால், மச்சான் ஆள் விட்டிருந்தான். அடுத்த விழாவுக்கு இன்னொரு மாட்டுக்கும் ஒன்று வேண்டுமாம்.

"குடுத்தா இன்னாங்க, கொறஞ்சா பூடும்?" என்றாள் என் மனைவி.

மறுநாளே டப்பாவை நான் வேலை செய்கிற வானாய்வகச் சமையலறைக்குத் தூக்கிப் போய் அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்தேன்.