ஒன்பது குச்சிகள்

“பேசாதே, பேசாதே!” என்று மனைவி வாயைத் திறக்கும் முன்பே அடக்கிவிட்டு, எட்டாவது குச்சியைக் குழியில் இறக்குவார் கண்ணாடிக் கடைக்காரர். பல் துலக்கியதும் இதுதான் முதல் வேலை. ஒன்பது குச்சிகளைப் பலகையின் ஒன்பது குழிகளில் செருகி, மறுபடி எடுத்துக் கிண்ணத்தில் போட வேண்டும். ஸ்டாப்வாட்ச் மனைவி கையில்.

அவருக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். நரம்புகளின் மேலுறையை மெல்ல அரிக்கும் நோய். அது முன்னேறுகிறதா என்று பார்க்க ஆஸ்பத்திரியில் ஸ்கேனும் உண்டு, இந்தப் பலகையும் உண்டு. ஆறு மாதம் முன்பு அங்கே இருபத்தேழு வினாடி எடுத்தார். புது மாத்திரையோடு ஒரு பலகையையும் கொடுத்தனுப்பினார்கள். வீட்டில் முதல் நாளே இருபத்துமூன்று! மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

அன்றிலிருந்து கடையில் எந்நேரமும் அதே பேச்சுதான். மூக்குக்கண்ணாடிக்கு எள்ளளவு திருகாணி மாட்டும்போது யாராவது அவசரப்படுத்தினால், “இருங்க சார், என் கைக்கு இன்னிக்கு இருபத்துமூணு” என்பார். வந்தவர் ஒன்றும் விளங்காமல் தலையாட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவார்.

போன வாரம் ஆஸ்பத்திரியில் மறுபடி சோதித்தார்கள். இருபத்தேழு. அவர் முகம் தொங்கிப்போனது. மாத்திரை கைவிட்டுவிட்டது, இனித் திருகாணி பிடிக்கும் பிழைப்பும் போச்சு என்று இடிந்து உட்கார்ந்தார். பாவம், யாருக்குத்தான் மனசு தாங்கும்?

மனைவிக்குத் தாளவில்லை. “என்னாலதான் டாக்டர். வீட்ல முதல் குச்சிய எடுக்கத்தான் ரொம்பத் தடுமாறுவார். பாக்கவே பாவமா இருக்கும். அது கைக்கு வந்தப்புறம்தான் வாட்ச அமுக்குவேன்.”

டாக்டரம்மா சிரித்துவிட்டார். “நல்ல ஆளும்மா நீங்க! நாங்க முதல் குச்சியத் தொட்டதுமே அமுக்கிடுவோம். இங்க அன்னிக்கும் இருபத்தேழு, இன்னிக்கும் இருபத்தேழு. ஸ்கேன்லயும் புதுசா எதுவும் இல்ல. நோய் நின்ன எடத்துலயே நிக்குது. மாத்திரைய மாத்த வேண்டாம்.”

திரும்பும் வழியெல்லாம் அவருக்குச் சந்தோஷம் ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். “ஆறு மாசமா என்னை ஏமாத்தியிருக்கியே!”

“ஏமாந்தப்ப நல்லாத்தானே இருந்தீங்க?”



மறுநாள் காலை, “எனக்கு வேணாம்பா அந்த வேலை” என்று அவள் சமையலறைக்குள் போய்விட்டாள். அவரே போய்க் கையைப் பிடித்து அழைத்துவந்து எதிரில் உட்காரவைத்தார். அவளுடைய கட்டைவிரலை எடுத்துப் பொத்தான்மேல் வைத்தார். தன் விரலால் அதை ஒரு அமுக்கு அமுக்கிவிட்டு, அதன் பிறகே முதல் குச்சிக்குக் கையை நீட்டினார்.