அருவாளைக் கொடுத்தவர்

வாசலூர்பட்டிக்கு மிளகு வாங்கப் போனபோதுதான் அந்தத் தோட்டக்காரரைப் பார்த்தேன். ஒல்லி உடம்பு, விரல் முட்டியெல்லாம் காய்ந்த ரத்தம். வலிப்பு மாத்திரையை விழுங்கியதும் இடுப்பிலிருந்த அருவாளை என்னிடம் நீட்டினார்.

"தூரமாக் கொண்டுபோயிருங்க. இந்த மாத்திரையப் போட்டா வெறி புடிக்குதுங்க. போன வாரம் எம்பட ஆட்டையே வெட்டிப்புட்டேன்."

"டாக்டர்கிட்டச் சொன்னீங்களா?"

"சொல்லிட்டேனுங்க. மெதுவாத்தான் மாத்தோணுமாம். சட்டுனு நிறுத்துனா வலிப்பு உசுர வாங்கிருமாம்."

அருவாளை வாங்கிக்கொண்டேன்; ஆனால் வேடிக்கை பார்க்கும் ஆசையில் நகரவில்லை. சற்று நேரத்தில் அவர் வெறும் கையால் மரத்தைக் குத்தத் தொடங்கினார். தடுக்கப் போன என் கழுத்தை நெரித்தார். திடீரென்று பிடியை விட்டு, "சாமி, அதக் கீழ போடுங்க" என்று கெஞ்சினார்.

அப்போதுதான் கவனித்தேன், அருவாளை ஓங்கியிருந்தேன். நான் எந்த மாத்திரையும் போட்டிருக்கவில்லை.