மௌன நாளின் செருப்புச் சத்தம்

புங்கஞ்சருகின் மேல் டயர் செருப்பு நடக்கும் சத்தத்தைக் கேட்டிருக்கிறீர்களா? நாற்பது இளைஞர்கள் ஒரு வார்த்தையும் பேசாமல் நடந்தால், அது ஒன்றுதான் கேட்கும்...

எண்பதுகளின் நடுப்பகுதி. மே மாதம். சித்தேரி மலையடிவாரத்தில் கோடை விடுமுறைக்குப் பூட்டியிருந்த பள்ளிக்கூடத்தில், கத்தோலிக்க இளைஞர்களுக்கான தலைமைப் பயிற்சித் தியானம். சேலத்தில் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்த நான் அதில் ஒரு குழுவுக்கு லீடர். நடத்தியவர், வெளியூரிலிருந்து ஜீப்பில் வந்த ஒரு குருவானவர். அழகாகப் பேசுவார். அதை நான் இன்றும் மறுப்பதில்லை.

என் குழுவில் மரியதாஸ் என்று ஒருவன். மொரப்பூர் ஸ்டேஷனுக்கு வெளியே அண்ணன் வைத்திருந்த டீக்கடையில் வேலை. வாய் ஓயாது. மறுநாள் பகல் முழுவதும் மௌனம் என்று அறிவித்ததும் எழுந்து நின்றான்.

"ஏனுங்க லீடரு, தும்மல் வந்தா என்னங்க பண்றது?"

"தும்மிக்க."

"பக்கத்துல இருக்கறவன் நூறாயுசுன்னு சொல்லிப்புட்டா, அந்தப் பாவம் அவனுக்கா எனக்குங்களா?"

எல்லாரும் சிரித்தோம். குருவானவர் சிரிக்கவில்லை.

"நாக்கை அடக்கத் தெரியாதவன் நாலு பேருக்கு எப்படித் தலைவனாவான்? ஒரே ஒரு பகல்... உன்னால் முடியுமா?"

மரியதாஸின் முகம் சிறுத்துப்போயிற்று. "முடியுங்க சாமி" என்று உட்கார்ந்தான்.

அன்று மாலை அவர் எங்களுக்கு ஒரு ஜெப முறையைக் காட்டினார். தரையில் குப்புறப் படுத்து, கைகளைச் சிலுவைபோல் விரித்துக் கிடப்பது. குருப்பட்டம் பெறும் நாளில் குருக்கள் அப்படித்தான் கிடப்பார்கள் என்றார். "இப்படிக் கிடப்பவனை யாரும் தொடக்கூடாது. அவன் கடவுளோடு இருக்கிறான்."

மறுநாள் காலை, பள்ளிக்குப் பின்னாலிருந்த புங்கந்தோப்பில் ஆளுக்கொரு பக்கம் பிரிந்து போனார்கள். சிலர் முழங்காலில் நின்றார்கள். சிலர் குப்புறக் கிடந்தார்கள். வெயில் ஏறியபின் மணி அடித்தது. ஒவ்வொருவராக எழுந்து, தலை குனிந்து, பள்ளியை நோக்கி நடந்தார்கள்.

மரியதாஸ் மட்டும் எழவில்லை. நடைபாதையை ஒட்டிக் கிடந்தான். கைகள் விரிந்திருந்தன. அவனைக் கடக்கும்போது ஒவ்வொருவரும் மரியாதையாக ஒதுங்கிப் போனதை, கடைசியில் குருவானவரோடு வந்துகொண்டிருந்த நான் தூரத்திலிருந்தே பார்த்தேன்.

அருகில் வந்தபோது அவன் உள்ளங்கையில் எறும்புகள் ஊர்ந்துகொண்டிருந்தன. விரல் அசையவில்லை.

நான் ஓரடி முன்னே வைத்தேன். என் தோளை ஒரு கை பற்றியது. குருவானவர் உதட்டில் விரல் வைத்துக் காட்டினார். அவர் முகத்தில் பெருமிதம். நேற்றைய கோமாளியை இன்று கடவுள் பிடித்துவிட்டாராம்.

எனக்கு இரண்டு பயங்கள். அவன் செத்துப்போயிருப்பானோ என்பது ஒரு பயம். ஒரு குருவானவரின் கையை உதறுவது இன்னொரு பயம். அந்த இரண்டாவது பயம் எவ்வளவு பெரியது என்பது, அந்தக் காலத்தில் கோயில் மணிக்குக் கட்டுப்பட்டு வளர்ந்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஒருக்களித்திருந்த அவன் முகத்தில் ஒரு கண் பாதி திறந்திருந்தது. ஓர் எறும்பு அந்த இமையின் மேல் ஏறியது.

கண் சிமிட்டவில்லை.

"மரியதாஸ்!" என்று கத்தினேன். அந்தக் கை என் தோளை இன்னும் இறுக்கியது. உதறிவிட்டு ஓடினேன். புரட்டிப் போட்டால் வாயோரம் எச்சில் வழிந்திருந்தது. கணுக்காலுக்கு மேலே இரண்டு பற்குறிகள், கால் வீங்கியிருந்தது.

"பாம்புடா! பாம்பு கடிச்சிருக்குதுடா!" என்று யாரோ அலறினார்கள். அத்தோடு மௌனம் முடிந்தது.

"பதறாதே. லீடர் பதறக்கூடாது" என்றார் குருவானவர். நான் அவரைச் சுற்றிக்கொண்டு ஜீப் டிரைவரிடம் ஓடினேன்.

அரூர் போய்ச் சேரும்வரை அவன் தலை என் மடியில் கிடந்தது. ஒவ்வொரு வளைவிலும் அவன் மூக்கருகே புறங்கையை வைத்துப் பார்த்தேன். மூச்சு இருந்தது... இருந்ததா? ஜீப் அடித்த காற்றில் எது அவன் மூச்சு என்றே தெரியவில்லை.

அரூர் ஆஸ்பத்திரியில் விஷமுறிவு ஊசி இருந்தது. அவன் பிழைத்ததற்கு வேறு எந்த அற்புதத்தையும் நான் தேடவில்லை. நிறைவு நாள் பிரசங்கத்தில் குருவானவர் ஒன்றைக் கண்டுபிடித்தார்: ஜெபம் அவனைக் காப்பாற்றியதாம். அடுத்த ஆண்டு லீடர்கள் கூட்டத்துக்கு எனக்கு அழைப்பு வரவில்லை.

பேச்சு வந்த அன்று மரியதாஸ் சொன்னான்.

"கடிச்சதும் கத்தலாம்னுதான் வாயெடுத்தேனுங்க. சாமிகிட்ட முடியும்னு சொல்லிப்புட்டனே... நடந்து வந்து உங்ககிட்ட காலைக் காட்டிக்கலாம்னு வந்தேன். வழியிலேயே காலு மடங்கிடுச்சு. அப்புறம் கத்தலாம்னா வாயே வரலைங்க."

வீக்கம் வடியாத காலைத் தடவிக்கொண்டான்.

"ஆனா காது கேட்டுதுங்க லீடரு. எல்லாரோட செருப்புச் சத்தமும் கேட்டுது. கிட்ட வந்ததும் மெதுவா வெச்சு வெச்சு நடந்தாங்க."

இப்போது அவனுக்கு மொரப்பூரில் சொந்தக் கடை. வாய் இன்னும் ஓயவில்லை. பார்க்கும்போதெல்லாம் தும்மிக் காட்டுகிறான். நான் நூறாயுசு என்கிறேன். அந்த முகாமில் எங்களுக்குக் கிடைத்ததில் மிச்சமிருப்பது அது ஒன்றுதான்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. போன வாரம் என் மகளை அதே போன்றதொரு முகாமுக்குக் கொண்டுபோய் விட்டேன். ஏசி ஹால், புரொஜக்டர், பளபளக்கும் தரை. பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுத் தூங்கிய எங்களை நினைத்துக்கொண்டேன். வாசலில் ஒரு பிளாஸ்டிக் கூடை. எல்லாருடைய போன்களும் அதில் கிடந்தன.

"ரெண்டு நாள் ஃபுல் சைலன்ஸ், சார்" என்றான் பொறுப்பாளர் பையன், பெருமையாக.

"யாராவது விழுந்துவிட்டால்?"

"இங்க யாரு சார் விழப்போறாங்க?" என்று சிரித்தான்.

கூடையிலிருந்து மகளின் போனை எடுத்து அவள் கையில் வைத்தேன்.

"அப்பா... எல்லாரும் பாக்கறாங்கப்பா" என்று முணுமுணுத்தாள்.

அன்றும் எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் போனார்கள்.