நடுகல்லில் ஒரு வெள்ளைச் சட்டை

எங்கள் ஊருக்குக் கீழே முல்லைப் பெரியாறு வளைந்து போகிற இடத்தில் ஒரு பூங்கா போட்டிருக்கிறார்கள். ஆற்றை ஒட்டி நடைபாதை, மருத மரத்துக்கும் நாவல் மரத்துக்கும் பெயர்ப்பலகை, நின்று படம் எடுத்துக்கொள்ளச் சிவப்புச் சாயம் பூசிய ஒரு வளைவு. நடைபாதை முடிகிற மேட்டில் பழைய போர்க்களம். மாடு கவர வந்தவர்களுக்கும் மீட்கப் போனவர்களுக்கும் அந்தக் காலத்தில் அங்கே சண்டை நடந்ததாம். செத்தவர்களுக்கு நட்ட கற்கள் நாலைந்து நிற்கின்றன. மாட்டுக்காக மனிதன் வெட்டுப்பட்டுச் செத்த இடத்தைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமையானால் சனம் சுண்டல் பொட்டலத்தோடு வருகிறது. எனக்கு அந்த இடத்தைக் கண்டாலே ஆகாது.

அந்த மேட்டுக்கு நேர் கீழே இருக்கிற படித்துறையில்தான் என் அக்காவின் மகனை ஆறு கொண்டுபோனது.

அக்காவுக்கு அவன் ஒரே பிள்ளை. மாமா மலைக்கு மேலே ஏலத்தோட்டத்தில் வேலை பார்க்கிறார். மாதத்துக்கு ஒருதரம் இறங்கி வருவார். பன்னிரண்டாம் வகுப்புக் காலாண்டு விடுமுறையில், கூட்டாளிகளோடு குளிக்கப் போகிறேன் என்றுகூடச் சொல்லாமல் போனான். மேலே மழை, தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. தீயணைப்புக்காரர்கள் வைகை அணை வரைக்கும் தேடினார்கள். ஒற்றைச் செருப்பு கிடைத்தது. அவன் கிடைக்கவில்லை.

நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். ஊர் முழுக்கக் கல்லறைத் தோட்டத்தில்தான் நிற்கும். புல்லைச் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, செவ்வந்தி மாலை போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். சாமியார் ஒவ்வொரு குழியாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வருவார். அந்த வருடம் அன்றைக்கு அக்கா மட்டும் நிற்க இடமில்லாமல் நின்றாள். எங்கள் அப்பாவின் கல்லறைக்குப் பக்கத்தில் பிள்ளைக்கும் ஒரு சிலுவை நட்டுக்கொள்ளலாம் என்று சாமியார் நல்ல மனசோடுதான் சொன்னார்.

"உள்ள பிள்ளை இல்லாம வெறும் மண்ணுக்கு மேல எப்படிச் சாமி பேர் எழுத?" என்று கேட்டுவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

அன்று அவள் நேராகப் போனது அந்தப் போர்க்கள மேட்டுக்கு. நானும் பின்னாலேயே ஓடினேன். கடைசியில் நிற்கிற கல்லில், கையில் வில்லோடு ஒல்லியாக ஒருவன். முகம் மழையில் கரைந்துபோய், மூக்கும் வாயும் தெரியவில்லை. பலகையில் எழுதியிருந்ததை அக்கா விரல் வைத்துப் படித்தாள். அது புதைத்த இடத்தில் வைக்கிற கல் இல்லை, செத்த இடத்தில் நடுகிற கல் என்று போட்டிருந்தது. "அப்ப இது போதும்" என்றாள். மடியிலிருந்து அவனுடைய ஞானஸ்நானச் சட்டையை எடுத்தாள். கையகல வெள்ளைச் சட்டை, கழுத்தில் பின்னல் வைத்தது. அதைக் கல்லின் காலடியில் வைத்து, பறக்காமல் ஒரு சல்லிக்கல்லைத் தூக்கி வைத்தாள். மெழுகுவர்த்தி ஏற்றினாள். அதுவரை ஊர் பார்க்க அழாதவள், அந்தக் கல்லைக் கட்டிக்கொண்டு அழுத அழுகையில் நடைபாதையில் போனவர்கள் எல்லாம் நின்றுவிட்டார்கள். நான் யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை. சொல்லுகிற நிலைமையில் இல்லை.

அடுத்த இரண்டு வருடமும் அந்த நாளில் ஆறு கரை தொட்டு ஓடியதால் பூங்காவை அடைத்துவிட்டார்கள். மற்ற நாளில் போகலாமே என்றால் அக்கா கேட்கவில்லை. மற்றவர்களுக்கு அந்த ஒருநாள்தானே, அவனுக்கும் அதுவே என்றாள். போன வருடம்தான் திறந்திருந்தது. போனோம்.

தூரத்திலிருந்தே கண்ணில் பட்டது. அந்தக் கல்லுக்கு மஞ்சள் பட்டு கட்டியிருந்தது. நெற்றி இருந்த இடத்தில் சந்தனம், குங்குமம். மேலே நிற்கிற புங்க மரத்தில் கிளை தெரியாமல் தொட்டில்கள். சேலைக் கிழிசலில் முடிந்த தொட்டில், மரத்தில் செய்த தொட்டில், பிளாஸ்டிக் பொம்மையைப் படுக்க வைத்த தொட்டில்.

அக்கா கூடையிலிருந்து மெழுகுவர்த்தியை எடுத்ததும் காவல்காரர் வந்துவிட்டார்.

"ஆத்தா, இங்கன மெழுகுவத்தி ஏத்தக் கூடாது. சாமிக்குச் சூடம் ஏத்துங்க, போதும்."

"எந்தச் சாமிக்கு?" என்றேன். என் வாய் எப்போதும் சும்மா இருக்காது.

"தெரியாமலா வந்தீக? பிள்ளை வரம் குடுக்குற சாமி. ரெண்டு மூணு வருசம் முன்னாடி ஒரு பொம்பள பச்சப்பிள்ளைச் சட்டையை இங்கன வச்சு, கல்லக் கட்டிப்பிடிச்சு அழுது வேண்டுனாகளாம். மறுவருசமே ஆம்பளப் பிள்ளை பெத்துட்டாக. அதுலருந்துதான் தேவாரம், கோம்பைன்னு அங்கனருந்தெல்லாம் சனம் வருது. அந்தச் சட்டைகூட இன்னும் இருக்கு, பாருங்க."

இருந்தது. சாமியின் கழுத்தில் கட்டியிருந்தார்கள். மஞ்சள் தண்ணீரில் ஊறி ஊறி வெள்ளை போய், கழுத்துப் பின்னல் மட்டும் அடையாளம் தெரிந்தது.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அத்தனை தொட்டிலையும் அறுத்து ஆற்றில் போட்டிருப்பேன். கண்ணில் பார்த்த அழுகைக்கு இவர்களாகவே ஒரு கதை கட்டிவிட்டார்கள். பெண் கல்லைக் கட்டிக்கொண்டு அழுதால் பிள்ளை கேட்டுத்தான் அழுவாளா? பறிகொடுத்தும் அழுவாள் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. "யோவ், அது எங்க..." என்று ஆரம்பித்தேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடி இரும்பாக இருந்தது.

கல்லுக்கு முன்னால் ஒரு பெண் மண்டியிட்டிருந்தாள். இருபத்தைந்து வயது இருக்கலாம். கையில் புதுத் தொட்டில். கும்பிட்டு எழுந்து அந்தச் சட்டையின் ஓரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு எங்களைப் பார்த்துத் தயங்கித் தயங்கி வந்தாள்.

"யக்கா, நீங்களும் வேண்டுதலுக்கா? எனக்குக் கல்யாணமாகி ஏழு வருசம். வீட்டுல பேசுற பேச்சைக் காது குடுத்துக் கேக்க முடியல. அந்த அம்மாவுக்குக் குடுத்துச்சுன்னு சொல்றாகளே, நெசமாவே குடுத்துச்சாக்கா?"

அக்கா, எடு அந்தச் சட்டையை, போகலாம் என்று நான் மனசுக்குள் கத்தினேன். எட்டினால் எடுத்துவிடலாம். ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த மரம் இரண்டு நாளில் காலியாகிவிடும். கல் திரும்ப அவளுக்கே வந்துவிடும்.

அக்கா மெழுகுவர்த்தியைக் கூடைக்குள் போட்டு மூடினாள்.

"குடுத்துச்சும்மா" என்றாள். "பயதான்."

அந்தப் பெண்ணின் முகம் அப்படியே மலர்ந்தது. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்குத் தெரிஞ்சவுகளாக்கா? நல்லா இருக்கானா?" என்றாள்.

அக்கா அவள் தலையில் கை வைத்தாள். அப்புறம் சட்டையைப் பார்க்காமல் ஆற்றைப் பார்த்துச் சொன்னாள்:

"உனக்குப் பொறந்தான்னா, நடக்கத் தெரிஞ்ச ஒடனே நீச்சல் பழக்கி விட்ரு."

எங்கே தண்ணீருக்குள் இறங்கிவிடுவானோ என்று பயந்து, அக்கா தன் மகனை நீச்சல் பழக ஒருநாள்கூடக் கிணற்றுப் பக்கம் விட்டதில்லை.