முகமூடி ஆபீசரிடம் ஒரு மனு

நடந்து நாலு நாள் ஆகிவிட்டது. அதிர்ச்சி இன்னும் விடவில்லை...

நான் நடிகர்களுக்கு முகமூடி, கோமாளி நடிப்புப் பயிற்சி கொடுப்பவள் என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். ‘படிச்ச பொம்பளைக்கு வேற வேலையே கிடைக்கலையா?’ என்று கடிதம் போட்டவருக்கும் தெரியும்!

இந்த முறை தஞ்சாவூர்ப் பக்கம், ஒரு வீதி நாடகக் குழுவுக்கு ஐந்து நாள் வகுப்பு. நாலாம் நாள் எல்லோரையும் தெருவில் இறக்கிவிடுவது என் வழக்கம். ஹாலுக்குள் கண்ணாடியைப் பார்த்து யார் வேண்டுமானாலும் கோமாளி ஆகலாம். தெரு அப்படியா?

ராஜேஷ் ஆபீசர் முகமூடியை எடுத்துக்கொண்டார். காலையில் பால் வேன் ஓட்டுகிறவர், மற்ற நேரம் நடிகர். முகமூடி நானே காகிதக் கூழில் செய்தது. உப்பிய கன்னம், தடித்த மீசை, சோடாபுட்டிக் கண்ணாடி. அதைப் போட்டவருக்கு என்னிடம் இரண்டே சட்டம். பேசக் கூடாது. எதிரில் இருப்பவரிடமிருந்து பார்வையை எடுக்கக் கூடாது.

மனுஷன் எங்கே போய் நின்றார் தெரியுமா? தாலுகா ஆபீஸ் வாசலில்! அன்று ஜமாபந்தி. வருடத்துக்கு ஒரு தடவை நிலக் கணக்கைச் சரிபார்த்து, மனு வாங்குகிற நாள். பந்தலில் ஜனம் டோக்கனும் கையுமாகக் காத்திருந்தது. மைக்கில் நம்பர் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராக உள்ளே போனார்கள்.

“பாருய்யா, ஆபீசரே வெளியில வந்துட்டாரு!”

ஒரே சிரிப்பு. அறுபது வயதிருக்கும் ஒருவர் எழுந்து வந்து, விறைப்பாக மனுவை நீட்டினார். “காளிமுத்துங்கய்யா. நீங்களாவது கேளுங்க.” அவரும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

ராஜேஷ் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்காரச் சொல்லிக் கைகாட்டினார். தான் தரையில் உட்கார்ந்தார். ஆபீசர் தரையில்! கூட்டம் விசிலடித்தது. காளிமுத்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

“மூணு மா நிலங்கய்யா, ஒரு ஏக்கரு. எங்கப்பா காலத்துலேருந்து நாங்கதான் குத்தகைக்குப் பண்றோம். பதிவேட்டுல எங்க பேரு இல்ல. நிலத்துக்காரர் மகன் பிளாட்டுக்கு வித்துட்டாரு. நாத்தங்கால்லயே வெள்ளைக் கல்லு நட்டுட்டாங்க. அந்தக் கட்சி ஆட்சியிலயும் மனு குடுத்தேன், இந்தக் கட்சி ஆட்சியிலயும் குடுத்தேன். ஆத்துல தண்ணி வரப் போவுது. நாத்து விடட்டுமா, வேணாமா... அத மட்டும் சொல்லுங்கய்யா.”

சிரிப்பு எப்போது நின்றது என்றே தெரியவில்லை. ராஜேஷ் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். கல்லைப் பிடுங்கப் போன தன் மனைவியை நாலு பேர் தள்ளிவிட்டதைச் சொல்லும்போது காளிமுத்து அழுதுவிட்டார். ஒரு காகித மூஞ்சியின் முன்னால்!

எனக்கு, ஒப்புக்கொள்கிறேன், கொஞ்சம் பெருமை. நம் பயிற்சி என்னமாய் வேலை செய்கிறது! அந்தப் பெருமையில் பந்தல் மைக்கை நான் கவனிக்கவே இல்லை.

“பெரியவரே!” பந்தலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா கத்தினார். “நாப்பத்தி மூணு ஒங்க நம்பர்தானே? ரெண்டு தரம் கூப்பிட்டாச்சு!”

ஒரு வருடம் காத்திருந்தவரின் முறையை என் கோமாளி வகுப்பு தின்றுவிட்டதா?

காளிமுத்து, ராஜேஷ், நான், மூன்று பேரும் உள்ளே ஓடினோம். “நம்பர் போயிடுச்சும்மா” என்றார் கிளார்க். ராஜேஷ் முகமூடியைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டு, “தப்பு எங்களுதுங்க சார்” என்று கெஞ்சினார். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த நிஜ ஆபீசர் நல்ல மாதிரி. மனுவை வாங்கிப் புரட்டினார்.

“என்ன பிரச்சனை? சொல்லுங்க.”

அப்பாடா என்று மூச்சு விட்டேன். கேட்டுவிட்டார்!

காளிமுத்து துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். “எல்லாம் அதுலயே எழுதியிருக்குங்க.”

அவ்வளவுதான். “சரி, பார்க்கிறோம்.” அடுத்த நம்பர்.

வெளியே வந்ததும் என்னால் தாங்க முடியவில்லை. “அண்ணே, இங்க அவ்வளவு சொன்னீங்களே! அவரே கேட்டாரே, நாத்து விடலாமான்னு ஒரு வார்த்தை...”

“உள்ள போனா வாய் வர மாட்டேங்குதும்மா. எங்கப்பாவுக்கும் அப்படித்தான்.”

முகமூடி போட்டவரின் கூச்சம் போகும் என்று இருபது வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறேன். எதிரில் உட்கார்ந்தவரின் வாய்ப்பூட்டு திறக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அந்தப் பூட்டு எத்தனை தலைமுறையாகத் தொங்குகிறது? எந்த ஆட்சியும் ஏன் அதைத் திறக்கவில்லை? நினைக்க நினைக்க ஆறவில்லை.

காளிமுத்து சைக்கிளை எடுத்தார். “நாத்த விட்டுடறேன். நடக்கறது நடக்கட்டும்.” பிறகு ராஜேஷைப் பார்த்து, தயங்கி, சொன்னார்: “அடுத்த ஜமாபந்திக்கும் வந்துடுங்க சார்.”

முகமூடி அப்போது என் பைக்குள் இருந்தது.