பீரோ மேல் சொம்பு

போன மாதம் சித்தூரில் அண்ணன் மகளுக்குப் பிரசவம் என்று குழந்தை பார்க்கப் போயிருந்தேன். குழந்தையின் மூக்கு யாருடைய மூக்கு என்று எல்லாரும் பேசிக்கொண்டிருக்க, என் கண் பீரோ மேலே போனது. அதே எவர்சில்வர் சொம்பு, கைக்கு எட்டாத உயரத்தில் கவிழ்ந்து கிடந்தது.

இந்த அண்ணன் மகள் பிறந்தபோது அந்தச் சொம்பை அங்கே ஏற்றியவள் என் அம்மா. பிள்ளை பெற்றவள் தண்ணீர் குடித்தால் வயிறு ஊதும், புண் ஆறாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். சுட்ட கருவாடு, பூண்டு, மிளகுச் சோறு எல்லாம் உண்டு. தண்ணீர் மட்டும் கிடையாது. அப்போது கட்டிலில் கிடந்தவர் என் அண்ணி. திருப்பதியில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். தண்ணீர் குடித்தால்தான் பால் ஊறும் என்று தமிழிலும் தெலுங்கிலும் ஊருக்கெல்லாம் சொன்னவர்.

வீட்டில் எனக்குச் சிரிக்க வைக்கிற வேலை. வேறெதற்கும் என்னை நம்பமாட்டார்கள். ஒருநாள் அம்மா குளிக்கப் போன நேரம் ஸ்டூல் போட்டு ஏறி, சொம்பை இறக்கி நிரப்பிக்கொண்டு போனேன். அண்ணியின் உதடு வெடித்திருந்தது. சொம்பையே பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார்.

"வேணாம் தம்பி. அத்தை ராப்பகலா தூங்காம எனக்குச் செஞ்சிக்கினு கீறாங்க. தெரிஞ்சா தாங்கமாட்டாங்க."

ஆனாலும் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் ஸ்டூலையும் காணவில்லை.

அப்புறம் அண்ணிக்குக் காய்ச்சல். சிறுநீர் நின்றுபோனது. அண்ணி வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கே தூக்கிக்கொண்டு ஓடினோம். டிரிப் ஏற்றிய நர்ஸ், "சிஸ்டர், நீங்களுமா?" என்று கேட்டார். அண்ணி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர்தானே போகிறது என்று அம்மாவிடம் தமாஷ் பண்ணிப் பார்த்தேன். "அது மருந்துடா" என்றாள்.

அம்மா இப்போது இல்லை. இந்தத் தடவை சொம்பை மேலே ஏற்றியவர் அண்ணி. கட்டிலில் மகள், அதே வெடித்த உதட்டோடு. "சித்தப்பா, கொஞ்சம் தண்ணி" என்றாள்.

நான் அண்ணியைப் பார்த்தேன்.

"நான் என்னா, செத்தா பூட்டேன்?" என்றார்.

டிரிப் பாட்டிலை ஞாபகப்படுத்த வாயெடுத்தேன். அது அவருக்கும் ஞாபகம் இருப்பது முகத்திலேயே தெரிந்தது. பிழைத்து வந்ததையே சாட்சியாக வைத்திருப்பவரிடம் எதைச் சொல்வது? எனக்கு அலுப்பாக இருந்தது. சமையலறையிலிருந்து ஒரு ஸ்டூலை இழுத்துவந்து, தொப்பையோடு ஏறி, தடுமாறிப் பீரோவைக் கட்டிப்பிடித்து, ஒருவழியாகச் சொம்பை இறக்கினேன். யாரும் சிரிக்கவில்லை. நிரப்பிக் கொடுத்தேன். மகள் ஒரே மூச்சில் குடித்தாள். பார்த்துக்கொண்டிருந்த அண்ணியின் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது.

பிறகு சொம்பை வாங்கித் துடைத்து, பீரோ மேலேயே திரும்ப வைத்தார்.

ஸ்டூலை மட்டும் எடுக்கவில்லை.